சீஃபின் வலது முழங்கால்

அக்கா யாரையும் மன்னித்து நான் பார்த்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்குக் கோலம் வரும், அவருக்குப் பழிவாங்க வந்தது. அதுவும் கத்திக் கூச்சல் போட்டு, சாபம் விட்டு, கதவை அறைந்து சாத்துகிற ரகம் இல்லை. உட்கார்ந்து யோசித்து, அளவெடுத்து, ஒருமுறை சோதித்தும் பார்த்துவிட்டுச் செய்கிற ரகம். மெக்கானிக்கல் இன்ஜினியர் இல்லையா, படிப்பு வீண் போகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நியூ ஜெர்சியில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்டில் எங்களுக்கு மேல் மாடி அவருடையது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அந்தக் காலத்திலேயே ஸ்காலர்ஷிப் வாங்கி சோவியத் யூனியனுக்குப் படிக்கப் போய், அங்கேயே ஒரு கார் தொழிற்சாலையில் வருடக்கணக்கில் வேலை பார்த்து, பிறகு அண்ணன் ஸ்பான்சர் செய்து அமெரிக்கா வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிராப்பு வெட்டிய நரைத்த தலை, ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச், முழங்கால் வரை தொங்கும் ரஷ்யக் கோட்டு. முதல் நாள் நான் ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். "ஆன்ட்டின்னா கிழவி மாதிரி இருக்குது கண்ணு, அக்கான்னு கூப்பிடு" என்றார். அதற்காக என்னை என்ன செய்தாரோ தெரியாது. ஒரு வாரம் எங்கள் வீட்டுத் தபால் பெட்டி திறக்கவே இல்லை.

காருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் சாமான்களைச் சோதித்துக் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் அவர் சீனியர் இன்ஜினியர். எனக்கு ஒர்க் பெர்மிட் வந்ததும் அங்கேயே சோதனை முடிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை வாங்கிக் கொடுத்தார். காலையும் மாலையும் அவருடைய காரில்தான் போய் வருவோம். அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்பேன். நான் கேட்டதெல்லாம் அந்த சீட்டில் உட்கார்ந்து கேட்டதுதான்.

அவருடைய முறை எப்படிப்பட்டது என்று முதலில் தெரிந்தது மளிகைக் கடை விஷயத்தில். நம்மவர் கடைதான். வண்டு வைத்த ரவையை விற்றுவிட்டு, திருப்பிக் கொடுக்கப் போனபோது நாலு பேர் முன்னால் "உங்க வீட்டு டப்பாவுல இருந்த வண்டா இருக்கும் ஆன்ட்டி" என்று கடைக்காரர் சிரித்துவிட்டார். அக்கா ரவையைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். வெளியே வரும் வழியில், கூட்டமான நேரம் பார்த்து, வாசலில் அடுக்கியிருந்த அரிசி மூட்டை மேல் ஏறி நின்றார். கதவு மெதுவாகச் சாத்திக்கொள்வதற்காக மேலே ஒரு குட்டி சிலிண்டர் இருக்குமே, அதிலிருந்த திருகைச் சில்லறை நாணயத்தால் கொஞ்சம் திருப்பினார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தக் கதவு வருகிறவர் போகிறவர் குதிகாலையெல்லாம் அறைந்தது. கடைக்காரர் ஆளை வைத்துக் கதவைக் கழற்றி மாட்டிப் பார்த்தார், எண்ணெய் விட்டுப் பார்த்தார், கடைசியில் எலுமிச்சம்பழம்கூடக் கட்டித் தொங்கவிட்டார்.

"அவர்கிட்ட ரெண்டு வார்த்தை நல்லாக் கேட்டிருக்கலாமே அக்கா?" என்றேன்.

"கேட்டா அவனுக்கு யாருன்னு தெரிஞ்சு போயிரும். நாளைக்கே ஸாரின்னு சொல்லிருவான், நானும் விட்டுத் தொலைக்கோணும். யாரு பண்ணாங்கன்னு தெரியக் கூடாது கண்ணு. எதுக்குன்னும் தெரியக் கூடாது. கஷ்டப்படறது மட்டும்தான் தெரியோணும். அதுதான் டிசைன்."

எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. மன்னிப்பதுதான் மனசுக்கு நல்லது என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எழுதுகிறவர்களுக்கு நாத்தனார் இல்லை போலிருக்கிறது. எனக்கு இருந்தாள். வார விடுமுறை என்றால் பெட்டியோடு வந்து இறங்கிவிடுவாள். என் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டே, "எங்க அண்ணன் இளைச்சுப் போயிட்டான்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். காரில் ஒருநாள் இதைச் சொல்லி அழுதேன். அன்று சாயங்காலமே அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, நாத்தனார் படுக்கும் அறையில் ரேடியேட்டர் வால்வைப் பாதி மூடிவிட்டுப் போனார். பழைய கட்டடம், நீராவியில் சூடாகும் இரும்பு ரேடியேட்டர். அதன் வால்வு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுக்க மூடியிருக்க வேண்டும். பாதியில் நின்றால் குழாய்க்குள் தண்ணீர் தேங்கி, ஆவி வந்து மோதும்போதெல்லாம் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் வரும். நாத்தனார் கண் சிவந்து எழுந்து வருவாள். "உங்க வீட்ல பேய் இருக்கு அண்ணி" என்றாள். அப்புறம் வருவது குறைந்தது. அவளுக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்தாலும் எனக்குக் கவலை இல்லை.

இதெல்லாம் சில்லறை. அக்காவின் பெரிய பழி ஒன்று இருந்தது. அது ஒரு காரில் இருந்தது.

பெரிய ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது, புதிதாக ஒரு சின்னக் கார் உருவாகிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் இளகிவிடும்.

"குடும்பக் கார் கண்ணு. அப்பா, அம்மா, ரெண்டு குழந்தைங்க, பின்னால உருளைக்கிழங்கு மூட்டை. அதுவரைக்கும் எங்க கார்லெல்லாம் பின் சக்கரம்தான் தள்ளும். இதுல இன்ஜினைக் குறுக்க படுக்க வெச்சு, முன் சக்கரம் இழுக்கற மாதிரி பண்ணோம். பனியில வழுக்காது பாரு. ஊருக்குள்ள ஓட்டறப்ப யாரும் உருவத்தைப் பார்த்திரக் கூடாதுன்னு மூஞ்சிக்கு முகமூடி எல்லாம் மாட்டுவோம். ராத்திரி பூரா பனியில நிறுத்தி வெச்சிட்டு, காலையில ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம். ஆகலேன்னா நாங்கெல்லாம் இறங்கித் தள்ளோணும். சீஃப் மட்டும் உள்ளயே உக்காந்து சிகரெட் புடிச்சிட்டிருப்பான்."

சீஃப் என்றால் தலைமை டிசைனர். அக்காவின் எதிரி. அட்டைக் குழல் வைத்த ரஷ்ய சிகரெட்டை ஒன்றிலிருந்து ஒன்று பற்றவைப்பவராம். இடது கையில் ஸ்டியரிங், வலது கையில் சிகரெட், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே டாஷ்போர்டில் செருகியிருக்கும் ஆஷ்டிரேயை வெடுக்கென்று இழுப்பாராம்.

சண்டை வந்தது ஒரு பெல்ட்டால். அதை எனக்குப் புரியவைக்க அக்கா ஃப்ரீவேயில் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டார், நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கை பிஸ்டன், இன்ஜினுக்குள் மேலும் கீழும் போய் வருவது. இன்னொரு கை வால்வு, அதன் தலைக்கு மேலே திறந்து மூடுவது. இரண்டும் ஒன்றோடு ஒன்று இடிக்காமல் ஒழுங்காகப் போய் வரச் செய்வது ஒரு ரப்பர் பெல்ட். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வந்து வால்வை இடிக்கும், வால்வு வளையும், இன்ஜின் காலி. நடு வழியில், நடுப் பனியில், குழந்தை குட்டியோடு ஒரு குடும்பம் நிற்கும்.

"பிஸ்டன் தலையில சின்னதாப் பள்ளம் வெட்டிட்டா போதும்னேன். பெல்ட் அறுந்தாலும் வால்வு அந்தப் பள்ளத்துக்குள்ள போயிக்கும், இடிக்காது. இன்ஜின் பலம் துளி குறையும், பெட்ரோல் துளி கூடும். குறைஞ்சா குறையட்டுமே! சீஃப் எல்லார் முன்னாலயும் சிரிச்சான். 'எங்க பெல்ட் அறுகாது, இந்தியாவுல கயித்துல கட்டுவாங்க போல'ன்னான். டெஸ்ட் பண்றப்பவே அறுந்துச்சு. மேல இருந்து கேள்வி வந்ததும் என்ன சொன்னான் தெரியுமா? கணக்குப் போட்டது இந்தப் பொண்ணுன்னுட்டான். என்னை இன்ஜின்ல இருந்து தூக்கி ஆஷ்டிரே செக்‌ஷன்ல போட்டான்."

கொஞ்ச காலம் கழித்து வந்த பெரிய இன்ஜினில் பிஸ்டன் தலையில் பள்ளம் இருந்தது. அது சீஃபின் யோசனை என்று அவருக்கு மெடல் கொடுத்தார்கள். அக்காவைக் கைதட்டக் கூப்பிட்டார்களாம், அதுவும் பின் வரிசைக்கு.

ஆனால் அதற்குள் ஆஷ்டிரே தயாராகியிருந்தது. அக்கா அதைச் சீஃபின் கைக்காகவே செய்தார். மெதுவாக இழுத்தால் வெண்ணெய்போல வரும். சோதனை செய்கிறவர்கள் நிறுத்தி வைத்த காரில் உட்கார்ந்து மெதுவாகத்தானே இழுப்பார்கள், எல்லா டெஸ்டிலும் பாஸ். ஓட்டிக்கொண்டே, பார்க்காமல், வெடுக்கென்று இழுத்தால் மட்டும் கடைசியில் ஓரிடத்தில் சிக்கிக் குதிக்கும். சாம்பலும் நெருப்பும் எகிறி ஓட்டுகிறவரின் வலது முழங்காலில் விழும். சீஃப் உட்காரும் விதத்தையும் முழங்கால் வரும் இடத்தையும் அக்கா அவருக்குத் தெரியாமலே அளந்து வைத்திருந்தார்.

"அந்தக் கார் நாடு பூரா ஓடுச்சே அக்கா! மத்தவங்க முழங்கால் என்ன பாவம் பண்ணுச்சு?"

"பின்வரிசையில நான் நின்னப்ப அவங்க வந்து கேட்டாங்களா?" என்று சொல்லிவிட்டு லேன் மாற்றினார். நான் கதவோரமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் சிரிப்பும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அவர் மனதில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. பிஸ்டன் பள்ளம் உன்னுடையதுதான் என்று அந்த ஆள் தன் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும். சோவியத் யூனியனே இல்லாமல் போய்விட்டது, இனி எங்கே சொல்லப் போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு பனிக்காலத்துக் காலையில் எங்கள் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். ரஷ்யாவிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் பெரிய இன்ஜினியர் ஒருவர் வேலை கேட்டு வருகிறார், இங்கிலீஷ் வராது, இன்டர்வியூவில் நீங்கள் மொழிபெயர்க்க வேண்டும் என்றார். குறிப்பெடுக்க என்னையும் உட்காரச் சொன்னார். உள்ளே வந்தவர் தொளதொளத்த கோட்டும் குழிவிழுந்த கன்னமுமாக இருந்தார். அக்காவின் கையிலிருந்த பேனா நின்றதைப் பார்த்து எனக்குப் புரிந்துவிட்டது.

சீஃபுக்கு அக்காவை அடையாளம் தெரியவில்லை. அங்கே இருந்தபோது அக்காவுக்கு இடுப்பு வரை பின்னல். அமெரிக்கர்களுக்கு நடுவில் ரஷ்யன் பேசும் ஒரு அம்மாள் கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் அவர் பேசிக்கொண்டே போனார். சின்னக் காரைப் பற்றிச் சொன்னார். பெல்ட் அறுந்ததைச் சொன்னார். பிஸ்டனில் பள்ளம் வெட்டலாம் என்று ஒருநாள் குளிக்கும்போது தனக்குத் தோன்றியதைச் சொன்னார். அக்கா ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. "குளிக்கும்போது" என்பதைக்கூட விடாமல் இங்கிலீஷில் சொன்னார். மேஜைக்கு அடியில் அவர் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது, அந்த இடம் இரண்டு நாள் கன்றிப்போய் இருந்தது.

உங்கள் அபிப்பிராயம் என்ன என்று மேனேஜர் கேட்டார். இப்போது ஒரு சொல் போதும், ஆளைத் துரத்திவிடலாம். அக்கா சிரித்த முகமாக, அருமையான இன்ஜினியர், என் செக்‌ஷனுக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

அமெரிக்கக் காரில் ஆஷ்டிரே போய்க்கொண்டிருந்த காலம் அது. அந்த இடத்துக்குக் கப் ஹோல்டர் வந்துகொண்டிருந்தது. ஒரு தேசத்துக்கே கார் வடிவமைத்த மனிதரை அக்கா கப் ஹோல்டரில் போட்டார். காலையிலிருந்து மாலை வரை கோப்பையில் காபி ஊற்ற வேண்டும், ஆட்டும் மேடையில் வைத்து ஆட்ட வேண்டும், சிந்தியதைத் துடைத்து அளக்க வேண்டும். அவர் தேறியது என்று கொடுத்த கப் ஹோல்டரையெல்லாம் அக்கா இன்னும் பெரிய கோப்பை வைத்துத் தோற்கடித்தார். "விளிம்பு வரைக்கும் ஊத்திப் பாருங்க" என்பார். நான் என் மேஜையிலிருந்து படம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பேன். நல்லா வேணும் என்றுதான் எனக்கும் இருந்தது.

ஆனால் சீஃப் வாடவில்லை. அதுதான் அக்காவால் தாங்க முடியாமல் போனது. சீட்டியடித்துக்கொண்டே காபி ஊற்றினார். பார்க்கிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னார். மகள் வீட்டில் ஊறப்போட்ட வெள்ளரிக்காயைப் பாட்டிலில் கொண்டுவந்து அக்கா மேஜையில் வைத்தார்.

"சந்தோஷமா இருக்கான் கண்ணு!" அக்கா காரில் ஸ்டியரிங்கை அடித்தார். "என்னை ஆஷ்டிரேல போட்டப்ப நான் மூணு நாள் சாப்பிடல. இவன் கப் ஹோல்டர்ல உக்காந்து பாட்டுப் பாடறான்."

"வெள்ளரிக்காய் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்று அதையும் கோபமாகவே சொன்னார்.

அந்த வருடக் கிறிஸ்மஸுக்கு முன்னால் ஆபீஸில் ஒரு பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடுவது. நான் எலுமிச்சை சாதம் கொண்டுபோயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் மேனேஜர் வெளியே சிகரெட் பிடிக்கக் கிளம்பினார், வருகிறீர்களா என்று சீஃபைக் கேட்டார். சீஃப் சிரித்துக்கொண்டே மாட்டேன் என்று தலையாட்டினார். அதற்குள் கொஞ்சம் இங்கிலீஷ் பழகியிருந்தார். மீதியைக் கையாலேயே நடித்துக் காட்டினார். தங்கள் காரில் மகா மட்டமான ஓர் ஆஷ்டிரே இருந்ததாம். இழுத்தால் நெருப்பு முழங்காலில் விழுமாம். பேன்டெல்லாம் ஓட்டையாம். ஒருநாள் நெருப்பு விழுந்து, துள்ளி, காரைப் பள்ளத்தில் இறக்கிவிட்டாராம். பக்கத்தில் மனைவி. சிகரெட்டா நானா என்று கேட்டாளாம். அன்றைக்கு விட்டதுதான். "கூடப் பிடித்த நண்பர்கள் ஒருத்தரும் இல்லை. எல்லாருக்கும் நுரையீரல். நான் இருக்கிறேன்" என்று மார்பைத் தட்டிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்தார். யாருக்கும் தெரியக் கூடாது என்ற தன் சட்டத்தை அன்றைக்குத்தான் மீறினார். சீஃபின் எதிரே போய் நின்று ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னார். சீஃப் அவர் முகத்தையே பார்த்தார். கண் கலங்கியது. இரண்டு கையாலும் அக்காவை இழுத்து அணைத்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, எங்களைப் பார்த்து, "இந்தப் பெண், என் உயிர்!" என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா அந்தப் பிடிக்குள் நின்றுகொண்டே இன்னொரு கேள்வி கேட்டார். சீஃப் புரியாதவர்போல் பார்த்து, தோளைக் குலுக்கி, சாந்தமாகப் பதில் சொன்னார்.

திரும்பி வரும்போது வழக்கமான எக்ஸிட்டைத் தாண்டிப் போய்விட்டோம். அடுத்த எக்ஸிட் வந்ததும் கேட்டேன்.

"பிஸ்டனைப் பத்திக் கேட்டீங்களா அக்கா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'அது என்ற ஐடியா ஆச்சே, நீ ஆஷ்டிரே பொண்ணுதானே'ங்கறான்." கொஞ்ச தூரம் ஓட்டினார். "பொய் சொல்றவனா இருந்தா பரவால்ல கண்ணு. கண்ணைப் பார்த்தேன். நெசமாலுமே நம்பறான். குளிக்கறப்பத் தோணுச்சுன்னு நெசமாவே நம்பறான். நான் அவனை உசுரோட வேற வெச்சிருக்கேன்."

சில பேருக்கு மறதி எவ்வளவு வசதியாக வாய்த்திருக்கிறது என்று எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் காலை அக்கா என்னை ஏற்றிக்கொண்டு நேராக ஆபீஸ் போகவில்லை. ரஷ்யக் கடை ஒன்றில் நிறுத்தி உள்ளே போய் வந்தார். என் மடியில் ஒரு பெரிய பெட்டியை வைத்தார். அட்டைக் குழல் சிகரெட், சீஃப் பிடித்த அதே ரகம், முழுக் கார்ட்டன். சிவப்பு ரிப்பனும் வாங்கியிருந்தார்.

"ஐயோ அக்கா, வேண்டாம்."

"கிறிஸ்மஸ் கிஃப்ட். பேர் எழுதப் போறதில்ல."

"பிடிச்சு செத்துப்போனா?"

"பிடிக்கறதும் பிடிக்காததும் அவன் இஷ்டம். நான் ஆஷ்டிரேயைத் திருப்பி வாங்கிக்கறேன், அவ்வளவுதான்."

நான் அதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவரே கொண்டுபோய் யாரும் வராத நேரத்தில் சீஃபின் மேஜையில் வைத்தார். சீஃப் வந்து பார்த்தார், எடுத்து மூக்கில் வைத்து, கண்ணை மூடி நெடுநேரம் முகர்ந்தார். யார் வைத்தது என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பிறகு டிராயருக்குள் வைத்தார். அடுத்த வருடம் முழுக்க மாலையில் காரில் ஏறியதும் அக்கா கேட்கும் முதல் கேள்வி அதுதான். "திறந்தானா?" இல்லை என்பேன்.

பிறகு என் கணவருக்கு டெக்சாஸில் வேலை கிடைத்து நாங்கள் ஃபிரிஸ்கோவுக்கு வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போன் செய்வார். என் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார், நாத்தனாரை விசாரிப்பார், "இன்னும் திறக்கல" என்பார். வருடங்கள் போயின, சேதி மாறவில்லை.

ஒரு ஞாயிறு அவர் குரல் என்னவோபோல் இருந்தது.

"சீஃப் ரிட்டயர் ஆயிட்டான் கண்ணு. டிராயரைக் காலி பண்றப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். கார்ட்டன் அப்படியே இருக்குது. ரிப்பன்கூட அவுக்கல. 'ஆசைப்படறப்ப எல்லாம் முகர்ந்து பார்ப்பேன், உன்ற ஆஷ்டிரே ஞாபகம் வரும், உள்ள வெச்சிருவேன்'ங்கறான். போறப்ப எங்கிட்டயே குடுத்துட்டுப் போயிட்டான்."

"பிஸ்டனைப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல."

"அதை என்ன பண்ணீங்க? குப்பைல போட்டீங்களா?"

போனில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது, தீப்பெட்டி உரசுகிற சத்தம். இழுக்கிற மூச்சு. அப்புறம் இருமல், நெஞ்சைப் பிளக்கிற மாதிரி.

"அக்கா! நீங்களா பிடிக்கறீங்க?"

"ஒரு பாக்கெட் முடிஞ்சுது" என்றார் இருமலுக்கு நடுவே. "கருமம், நல்லாவே இல்ல. எப்படித்தான் குடிச்சானோ." சட்டென்று ஓர் அலறல், நாற்காலி நகரும் ஓசை, படபடவென்று கையால் தட்டும் ஓசை. நான் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"ஒண்ணும் இல்ல. நெருப்பு விழுந்திருச்சு, முழங்கால்ல. புதுச் சேலை கண்ணு, இத்தாந்தண்டி ஓட்டை." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "பார்த்தியா, போறப்பவும் என்ன பண்ணிட்டுப் போயிருக்கான் பாரு. அவனைச் சும்மா விட மாட்டேன்."